ஸ்கேனில் பிள்ளை நல்லா இருக்கு, பிறகும் ஏன் பிரஷர் பார்க்கணும்? – கர்ப்பகாலப் பிரஷர் வருத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மா தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நான் 20 வருடத்துக்கு மேல் இலங்கை மலையகத்தில் மருத்துவிச்சியாக வேலை செய்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். கிளினிக் வாங்கிலும், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலிலும் ஹட்டன் பஸ்ஸிலும் பெண்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எந்த மருந்து, எந்த நாளில் பிரசவம் என்பதையெல்லாம் உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்வது விளங்குவதற்கு இது உதவும்.

பிரஷர் வருத்தமும் ப்ரீஎக்லாம்ப்சியாவும் ஒன்றா?

முழுக்க ஒன்றல்ல. சிலருக்குக் கர்ப்பமாவதற்கு முன்பே பிரஷர் இருக்கும். சிலருக்கு 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் மட்டும் கூடும். ப்ரீஎக்லாம்ப்சியா என்றால், 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் போய், அதோடு சிறுநீரில் புரதமும் போகும். அல்லது சிறுநீரகம், ஈரல், இரத்தம், மூளை இவற்றில் ஏதாவது ஒன்றில் பாதிப்புத் தெரியும், இல்லையென்றால் பிள்ளையின் வளர்ச்சி குறையும். புரதம் போகாமலும் இந்த வருத்தம் இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. உலகளவில் 100 கர்ப்பிணிகளில் 2 முதல் 8 பேருக்கு வருகிறது. முற்றினால் வலிப்பும் வரலாம். நம் பாட்டிமார் "பிள்ளை பெத்த சன்னி" என்று சொன்னதில் ஒரு பகுதி இதுதான்.

வருத்தம் தொடங்குகிற இடம் நஞ்சுக்கொடி. அது கருப்பைச் சுவரில் ஊன்றும்போது அங்கேயுள்ள தாயின் இரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்து கொடுக்க வேண்டும். விரியாவிட்டால், ஊற்றில் தண்ணீர் இருந்தும் குழாய் சிறுத்துப்போன பீலி மாதிரி, நஞ்சுக்கொடிக்குப் போதிய இரத்தம் வராது. அப்படிப் பட்டினி கிடக்கும் நஞ்சுக்கொடி சில பொருள்களைத் தாயின் இரத்தத்தில் அளவுக்கு மீறி விடுகிறது. அவை உடம்பு முழுவதுமுள்ள இரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. அதனால்தான் ஒரே வருத்தம் தலையிலும் கண்ணிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தெரிகிறது.

ஸ்கேன் எடுத்தேன், பிள்ளை நல்லா இருக்குன்னு சொன்னாங்க. பிறகும் கிளினிக் போகணுமா மிஸ்?

கட்டாயம் போக வேண்டும். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

ஒரு தங்கச்சியை என்னால் மறக்க முடியாது. முதல் பிள்ளை, 33 வாரம். காசு கொடுத்து ஸ்கேன் எடுத்துவிட்டு, பிள்ளையின் படத்தை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்தாள். அடுத்த கிளினிக்குக்கு வரவில்லை. வந்தால் அன்றைய பேரு, அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடும், ஸ்கேன்தான் நன்றாக இருக்கிறதே என்று நினைத்திருக்கிறாள். பத்து நாள் கழித்து நான் லயத்துக்குப் போனபோது முகம் ஊதிப்போய், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று காம்பராவில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். பிரஷர் 170/110. மாமியார் தலைக்குத் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். பிள்ளையின் வளர்ச்சியில் அப்போதும் ஒரு குறையும் இல்லை.

அந்த ஸ்கேன் பொய் சொல்லவில்லை. பிள்ளையின் அளவு, தண்ணீர், நெஞ்சுத் துடிப்பு இவற்றைத்தான் அது பார்த்தது. தாயின் ஈரலையோ பிரஷரையோ அது பார்க்கவில்லை. அதுவும் 34 வாரத்துக்குப் பிறகு வரும் ப்ரீஎக்லாம்ப்சியாவில் பிள்ளை பெரும்பாலும் சரியான நிறையோடுதான் இருக்கும். அதனால் கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும் திகதிகளைத் தவற விடாதீர்கள். கடைசி மாதங்களில் கிளினிக்குகள் நெருக்கமாக வருவதற்குக் காரணமே இந்த வருத்தம் அந்தக் காலத்தில்தான் கூடுதலாகத் தலைகாட்டுகிறது என்பதுதான்.

ஒரு நாள் பேரு போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கில்தான் எங்கள் வீட்டிலும் அடுப்பு எரிந்தது. கணவன்மாரே, அந்த ஒரு நாளை வீட்டில் எல்லோரும் சேர்ந்து தாங்கிக்கொள்ளுங்கள்.

பிரஷர் கூடினால் வாட்டில் திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கிறார்களே, அதில் என்ன பார்க்கிறார்கள்?

முதலில் பிளேட்லட். டெங்கு வந்த பிறகு இந்தச் சொல் தெரியாத வீடே இல்லை. ப்ரீஎக்லாம்ப்சியாவிலும் பிளேட்லட் இறங்கும். 150,000க்குக் கீழே வந்தால் கவனிக்கத் தொடங்குவார்கள், 100,000க்குக் கீழே போனால் வருத்தம் கடுமையாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு தடவை வந்த எண்ணை விட அது எப்படி மாறுகிறது என்பது முக்கியம். காலையில் 210,000, மாலையில் 160,000 என்றால் இரண்டுமே 150,000க்கு மேல்தான், ஆனால் டொக்டர் அதைச் சும்மா விடமாட்டார்.

அதே ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினும் இருக்கும். கர்ப்பத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்குவது வழமை. இந்த வருத்தத்தில் அந்த நீர் குழாயை விட்டு வெளியே கசிந்து உடம்பில் ஊறுவதால் ஹீமோகுளோபின் ஏறின மாதிரித் தெரியும். "இரும்பு மாத்திரை நல்லா வேலை செஞ்சிருக்கு மிஸ்" என்று சந்தோஷப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிரஷரும் கூடியிருந்தால் அதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்தது ஈரல் என்சைம்கள். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இரண்டு இருக்கும். இவை வழமையான உச்ச அளவைப் போல இரண்டு மடங்கு ஏறினால் ஈரல் பாதிக்கப்படுகிறது என்று அர்த்தம். அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்ற இன்னொன்றும் ரிப்போர்ட்டில் கூடிக் காட்டும். அதை நஞ்சுக்கொடியும் சுரக்கும் என்பதால் கர்ப்பத்தில் அது கூடுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிளேட்லட் இறங்கி, ஈரல் என்சைம் ஏறி, சிவப்பணுக்களும் உடையத் தொடங்கினால் ஹெல்ப் என்று ஒரு நிலை. பெயர்தான் உதவி மாதிரிக் கேட்கிறது, மணித்தியாலக் கணக்கில் மோசமாகக்கூடிய நிலை அது. திரும்பத் திரும்ப ஊசி குத்துவது இதற்காகத்தான். கோபப்படாதீர்கள்.

பிறகு சிறுநீரகத்துக்கு, அது வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பார்கள். சில இடங்களில் யூரிக் அமிலமும் பார்ப்பார்கள். இந்த வருத்தத்தில் அது அடிக்கடி கூடும், ஆனால் அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சிறுநீரில் புரதத்தை முதலில் பட்டி தோய்த்துப் பார்ப்பார்கள். நிறம் மாறினால் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தை ஆய்வுகூடத்தில் பார்ப்பார்கள். அது ஒரு மில்லிமோல் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் புரதம் அல்லது அதற்கு மேல் என்றால், அல்லது 24 மணித்தியாலம் சேர்த்த சிறுநீரில் 300 மில்லிகிராம் புரதம் இருந்தால், போகக்கூடாத அளவு போகிறது என்று பொருள். வெள்ளைப்படுதல் கலந்துவிட்டால் தவறாகக் காட்டும். அதனால் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுங்கள்.

ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல் அளவுக்குள்தான் இருக்கிறது. பிறகு ஏன் டொக்டர் வீட்டுக்கு விடவில்லை?

ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் அளவு பெரும்பாலும் கர்ப்பமில்லாதவர்களுக்கானது. கிரியேட்டினினையே எடுங்கள். கர்ப்பத்தில் சிறுநீரகம் கூடுதலாக வேலை செய்வதால் அது நன்றாக இறங்கியிருக்க வேண்டும். லீற்றருக்கு 90 மைக்ரோமோல், அதாவது டெசிலீற்றருக்கு 1 மில்லிகிராம் அளவில் வந்தால் ஓரத்து அளவுப்படி அது நார்மல். கர்ப்பிணிக்கு அது கூடுதல். ரிப்போர்ட்டை நீங்களே வாசித்து நிம்மதியடைய வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த வருத்தத்துக்கென்றே புதிய இரத்தப் பரிசோதனை வந்திருக்கிறதாமே?

வந்திருக்கிறது. நஞ்சுக்கொடி ஆரோக்கியமாக இருந்தால் பி.எல்.ஜி.எஃப். என்ற ஒரு புரதத்தை நன்றாகச் சுரக்கும். இரத்தக் குழாய்கள் வளரவும் விரிந்திருக்கவும் அது வேண்டும். பட்டினி கிடக்கும் நஞ்சுக்கொடி எஸ்.எஃப்.எல்.டி.-1 என்ற இன்னொன்றைக் கூடுதலாக விடும். இது அந்த நல்ல புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். ப்ரீஎக்லாம்ப்சியாவில் இதன் பங்கை 2003இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் அனந்த் கருமாஞ்சியின் ஆய்வுக் குழு வெளிப்படுத்தியது. "ஏன் வருகிறது" என்ற கேள்விக்கு அதற்குப் பிறகுதான் ஒரு பிடி கிடைத்தது.

கெட்டதை நல்லதால் வகுத்து ஒரு விகிதம் எடுப்பார்கள். 24 வாரத்திலிருந்து 37 வாரத்துக்குள், வருத்தமோ என்று சந்தேகம் உள்ள பெண்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2016இல் வெளியானது. விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களில் 99 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு அடுத்த ஒரு வாரத்துக்குள் வருத்தம் வரவில்லை. 38க்கு மேல் இருந்தவர்களில் 4 வாரத்துக்குள் வருத்தம் வந்தது 100க்கு 37 பேருக்குத்தான். அதாவது "இந்த வாரம் பயமில்லை" என்று சொல்வதில் இந்தப் பரிசோதனை கெட்டி. "உனக்கு வரப்போகிறது" என்று சொல்வதில் அவ்வளவு கெட்டி இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் எண்ணைப் பார்த்து அழுதுகொண்டிருக்கக்கூடாது. ஒரு வாரம் போனால் அந்த நிம்மதியும் காலாவதிதான், பிரஷர் மறுபடியும் பார்க்கத்தான் வேண்டும்.

இங்கிலாந்தில் 2016 முதல் இவ்வகைப் பரிசோதனைகளுக்கு அதிகாரபூர்வ வழிகாட்டல் இருக்கிறது. அமெரிக்காவில் 2023இல் அனுமதி கொடுத்தார்கள். மலையகத்துத் தோட்டக் கிளினிக்கில் வழமையாகச் செய்கிற பரிசோதனை அல்ல. இது கிடைக்கவில்லையே என்று ஏங்காதீர்கள். பிரஷர் பட்டி, சிறுநீர்ப் பரிசோதனை, பிளேட்லட், கிரியேட்டினின், ஈரல் என்சைம் இவற்றை ஒழுங்காக, திரும்பத் திரும்பப் பார்த்தால் வருத்தத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

அப்படியானால் ஸ்கேனால் இந்த வருத்தத்துக்குப் பிரயோசனமே இல்லையா?

நிறைய இருக்கிறது, எதைப் பார்க்கும் ஸ்கேன் என்பதைப் பொறுத்து. டொப்ளர் என்ற முறையில் இரத்தம் ஓடும் வேகத்தை அளக்கலாம். கருப்பைக்குப் போகும் தாயின் இரத்தக் குழாயில் தடை கூடுதலாக இருந்தால், நான் மேலே சொன்ன சிறுத்த குழாய் மாதிரி, நஞ்சுக்கொடி சரியாக ஊன்றவில்லை என்று ஊகிக்கலாம். இதை 11 முதல் 14 வாரத்துக்குள்ளும், பிறகு 20 முதல் 24 வாரத்துக்குள்ளும் பார்ப்பதுண்டு. தடை இருந்த எல்லோருக்கும் வருத்தம் வருவதில்லை, இல்லாதவர்களுக்கும் வருவதுண்டு.

வருத்தம் வந்த பிறகு டொப்ளரின் வேலை வேறு. தொப்புள்கொடியில் ஓட்டம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டு துடிப்புக்கு நடுவில் ஓட்டம் நின்று போனாலோ, இன்னும் மோசமாகப் பின்பக்கம் திரும்பினாலோ, பிள்ளையை உள்ளே எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று முடிவெடுக்க அதுதான் உதவும். பிள்ளையின் வளர்ச்சியும் பன்னீர்க்குடத் தண்ணீரும் கூடவே பார்ப்பார்கள்.

முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் ஒன்று உண்டே, நான் அதற்குத்தான் அதிக மதிப்புக் கொடுப்பேன். எத்தனை வாரம் என்பது அதில்தான் சரியாகத் தெரியும். வாரம் தெரியாவிட்டால் பிள்ளை சின்னதா, திகதி தப்பா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

வருமுன்பே, 12 வாரத்திலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவுக்கு முடியும். தாயின் விபரம், பிரஷர், கருப்பைக் குழாயின் டொப்ளர், பி.எல்.ஜி.எஃப். நான்கையும் சேர்த்துக் கணக்குப் போடும் முறையை லண்டனில் கிப்ரோஸ் நிக்கொலைடஸின் குழு வளர்த்தெடுத்தது. 37 வாரத்துக்கு முன் பிரசவிக்க வைக்கும் கடுமையான வகையில் நான்கில் மூன்று பங்கை இது முன்கூட்டியே பிடிக்கிறது. நிறைமாதத்தில் வரும் வகையைப் பிடிப்பதில் பாதியைக்கூட எட்டுவதில்லை.

முன்பே தெரிந்தால் பயன் உண்டு. 2017இல் வெளியான ஆய்வில், இப்படி ஆபத்துக் கூடியவர்கள் என்று கண்ட பெண்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் அஸ்பிரின் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முந்திய ப்ரீஎக்லாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் நல்ல பலன். "மூணு மாசம் கழியட்டும், கண்ணூறு பட்டுடும், பிறகு வெளியில சொல்லலாம்" என்று இருந்துவிட்டு நான்காம், ஐந்தாம் மாதத்தில் பதிய வருகிறவர்களுக்கு இந்த வாய்ப்புக் கைநழுவிப் போகிறது. ஊருக்குச் சொல்ல வேண்டாம். மருத்துவிச்சிக்கு மட்டும் சொல்லுங்கள்.

அஸ்பிரினை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். டொக்டர் தந்திருந்தாலும், காய்ச்சல் வந்தால் உடனே போய் "நான் அஸ்பிரின் குடிக்கிறேன்" என்று சொல்லுங்கள். டெங்குவாக இருந்தால் அது ஆபத்து.

யாருக்கு இது வரும் வாய்ப்புக் கூட?

முந்தின பிரசவத்தில் வந்தவர்கள், முன்பே பிரஷர், நீரிழிவு, சிறுநீரக வருத்தம், லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் வருத்தம்) உள்ளவர்கள். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், முதல் நாளே டொக்டரிடம் சொல்லுங்கள். முதல் பிள்ளை, இரட்டைப் பிள்ளை, 40 வயதுக்கு மேல், உடம்புப் பருமன், முந்தின பிள்ளைக்கும் இதற்கும் 10 வருடத்துக்கு மேல் இடைவெளி, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ வந்திருப்பது இவையும் சேரும். இவை ஒன்றுமே இல்லாதவர்களுக்கும் வருகிறது.

ஏற்றம் ஏறி நடந்து வந்ததால்தான் பிரஷர் கூடிக் காட்டுதோ?

இருக்கலாம். அதனால்தான் வந்தவுடனே பார்க்கக்கூடாது. ஐந்து நிமிடமாவது முதுகைச் சாய்த்து, காலைத் தொங்கவிடாமல் தரையில் ஊன்றி, பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். குளிருக்குப் போட்ட சுவெட்டரின் மேல் பட்டியைச் சுற்றவிடாதீர்கள். ஆறின பிறகும் 140/90க்கு மேல் என்றால் அதை நடையின் தலையில் போட வேண்டாம். வீட்டு மெஷின் வைத்திருந்தால் கிளினிக்குக்குக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சில மெஷின்கள் இந்த வருத்தத்தில் உண்மையை விடக் குறைவாகக் காட்டுவதுண்டு.

நுவரெலியா உயரத்துக்கும் குளிருக்கும் இது கூடுமா?

கடல் மட்டத்திலிருந்து 2,500 மீற்றருக்கு மேல் வாழ்கிற பெண்களிடம் கூடுதலாகக் கண்டிருக்கிறார்கள். நுவரெலியா நகரம் 1,900 மீற்றரைக்கூட எட்டவில்லை. நமக்கு உயரத்தை விட வைத்தியசாலைக்குள்ள தூரமும், மழை நாளில் மண்சரிந்து மூடும் வீதியும்தான் பெரிய பிரச்சினை.

கால் வீங்கினால் இந்த வருத்தமா? உப்பைக் குறைக்கணுமா?

மாலையில் பாதம் வீங்குவது பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு உண்டு. திடீரென்று முகம் ஊதினால், விரலில் மோதிரம் இறுகினால், போய்ப் பிரஷர் பாருங்கள். உப்பைக் குறைத்து இந்த வருத்தத்தைத் தடுக்க முடியாது. கிளினிக்கில் தரும் கல்சியம் மாத்திரை, பாலும் மீனும் குறைவாகச் சாப்பிடுகிற நம் போன்றவர்களுக்கு நிஜமாகவே உதவும். அதை மூலையில் போடாதீர்கள். இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் வேறு நேரத்தில் எடுங்கள். இரும்பு மாத்திரைக்கு மேல் பிளேன்டீ குடிக்க வேண்டாம், தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேர விடாது.

எப்போது கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் ஓட வேண்டும்?

விடாத தலைவலி. கண் மங்கல், கண் முன்னால் பொறி பறப்பது. நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழோ வலி. மூச்சு வாங்குவது. பிள்ளை அசைவு குறைவது. இவற்றில் நெஞ்சுக்குழி வலிதான் எங்களை அதிகம் ஏமாற்றியிருக்கிறது. காஸ் என்று சொல்லி மாத்திரை போட்டு, சுடுதண்ணி குடித்து, விடியட்டும் என்று படுத்துவிடுவார்கள். அது ஈரல் வீங்குகிற வலியாக இருக்கலாம். 20 வாரத்துக்குப் பிறகு அந்த வலி வந்தால் பிரஷர் பார்க்காமல் காஸ் என்று யாரும் முடிவு செய்யக்கூடாது. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வீதி லயம் வரை வராவிட்டால் எந்தச் சந்திக்கு வந்து நிற்பீர்கள் என்று இப்போதே வீட்டில் பேசி வையுங்கள்.

பிள்ளை பிறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்தானே?

நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் வருத்தம் இறங்கத் தொடங்கும், அது உண்மை. அதனால்தான் 37 வாரம் ஆனதும், கடுமையானால் அதற்கு முன்பே, பிரசவிக்க வைக்கிறார்கள். ஆனால் உடனே தீர்ந்துவிடாது. பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை பிரஷர் ஏறலாம், வலிப்பும் வரலாம். தீட்டு என்று அறைக்குள் வைத்திருக்கும் பெண்ணுக்குத் தலைவலி என்றால் அதைத் தூக்கமின்மை என்று விட்டுவிடாதீர்கள். பின்னாளில் பிரஷரும் இருதய வருத்தமும் வரும் வாய்ப்பும் இவர்களுக்குக் கூட. பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதிலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பிரஷர் பாருங்கள்.

வாட்டில் இருக்கிறவர்களுக்குத் தமிழ் தெரியாவிட்டால் எப்படிச் சொல்வது?

இதைப் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கணவனுக்கும் சொல்லிக் கொடுங்கள். தலை வலிக்கிறது என்பதற்குச் சிங்களத்தில் "ஒளுவ ரிதெனவா". கண் மங்குகிறது என்பதற்கு "எஸ் பொந்த வெனவா". மேல்வயிறு வலிக்கிறது என்பதற்கு "படே உட பெத்த ரிதெனவா". பிரஷர் கூட என்பதற்கு "பிரெஷர் வெடியி". சொல்லும்போது கிளினிக் கொப்பியையும் கையில் கொடுங்கள். எந்தத் திகதியில் பிரஷர் எவ்வளவு என்று அதில் எழுதியிருப்பதை எந்த மொழிக்காரரும் வாசிப்பார்.